இன்னொரு தடவை பாடு

கடலோர ஊர்களில் நாடகம் போட்டுவந்த ஜெபமணி வாத்தியாரிடம் பிலோமினா என்ற சிஷ்யை இருந்தாள். புது நாடகத்தில் அவளுக்குப் பவளம் வேஷம். பவளத்தின் புருஷன் தோணியில் போனவன். முதல் காட்சியிலேயே அவனைக் கடல் கொண்டுபோய்விடும். அது தெரியாமல் பவளம் அவனுக்காகச் சமைத்துக் காத்திருப்பாள்.

பிலோமினாவுக்கு அது பிடிக்கவில்லை.

"அவன் செத்ததை முதல்லயே காட்டிட்டா, ஜனங்க அப்புறம் எதுக்கு உக்காந்திருப்பாங்க, வாத்தியாரே? கடைசியில சொன்னாத்தானே தூக்கிவாரிப் போடும்?"

 அன்று சாயங்காலம் வாத்தியார் பவளத்தின் சேலையை ரெஜினா என்ற இன்னொரு சிஷ்யையிடம் கொடுத்தார்.

"இன்னைக்கு அவ நடிக்கட்டும். நீ கீழ போய் உக்காரு."

பிலோமினா முகம் வாடி, மணலில் பெண்களோடு போய் உட்கார்ந்தாள்.

மேடையில் ரெஜினா தலை வாரிக்கொண்டாள். இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். குழம்பை உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்தாள். "உப்பு கூடிப்போச்சோ? இருக்கட்டும். அவருக்கு உப்புக் கூட வேணும்" என்று தனக்குத்தானே சிரித்தாள்.

கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

"ஐயோ, இவ ஏன் இப்படிச் சிரிக்கா" என்று பக்கத்தில் இருந்தவள் பிலோமினாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்து, சாவுச் செய்தி கொண்டுவருகிறவர்கள் கதவைத் தட்டுவார்கள். பிலோமினாவுக்கு ஒவ்வொரு வரியும் மனப்பாடம்.  ஆனாலும் தட்டிவிடக் கூடாதே என்று இருந்தது.

தட்டினார்கள். ரெஜினா சேலையைச் சரிசெய்துகொண்டு, கதவைத் திறக்க ஓடினாள்.

நாடகம் முடிந்து எல்லோரும் போன பிறகும் பிலோமினா எழுந்திருக்கவில்லை. வாத்தியார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் பேசினாள்.

"சின்ன வயசுல பள்ளிக்கூடத்துல பாட்டுக்குப் பரிசு வாங்கிட்டு ஓடி வந்தேன். அப்பாகிட்ட காட்டணும்னு. தெருமுனையில கடை வச்சிருந்த எஸ்தரக்கா கூப்பிட்டா. மிட்டாய் குடுத்தா. அந்தப் பாட்டைப் பாடச் சொன்னா. பாடினேன். இன்னொரு தடவை பாடுன்னா. பாடினேன். வீட்டுக்குப் போனா, அப்பாவைக் கிடத்தியிருந்தாங்க."

மணலைக் கிளறிக்கொண்டே மேலே சொன்னாள்.

"தெருவுக்கே தெரிஞ்சிருக்கு. அவளுக்கும் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே பாட வச்சாளேன்னு அப்புறம் நான் அவகிட்ட பேசவே இல்லை. கடைக்குப் போனா என் முகத்தையே பாத்துக்கிட்டு நிப்பா. போன வருஷம் இறந்துட்டா. அதுக்கும் நான் போகலை."

அலைச் சத்தம் கேட்டது.

"நாளைக்கு நீ நடிக்கிறியா?" என்றார் வாத்தியார்.

"நடிக்கேன். காட்சியை மாத்த வேண்டாம். ஆனா ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"கதவு தட்டுற இடத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமா?"

"எவ்வளவு தள்ளினாலும் தட்டித்தானே ஆகணும்?"

"தெரியும், வாத்தியாரே. அதுவரைக்கும் அவ ஒரு பாட்டாவது பாடிக்கிட்டு இருக்கட்டுமே."

வாத்தியார் அவளைப் பார்த்தார்.

"எஸ்தரும் அதைத்தான் நினைச்சிருப்பா" என்றார்.