இருவாச்சி கட்டிய சுவர்

காடு பெரிதாகவும் நாடு சிறிதாகவும் இருந்த காலத்தில், மூங்கில்துறை என்ற மலைநாட்டைப் பெருஞ்சாத்தன் என்ற அரசர் ஆண்டுவந்தார். நல்ல மனசுக்காரர். குழந்தை எயினியைப் பெற்ற கையோடு அரசி கண்ணை மூடிவிட்டாள். அன்றிலிருந்து, ஒரு தாயோ பிள்ளையோ துன்பப்படுவதைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. அரசர் தம் கண்ணால் கண்ட குற்றத்துக்குச் சாட்சி வேண்டாம், விசாரணை வேண்டாம், குற்றவாளி வாய் திறக்கவும் கூடாது. அரசரின் கண் என்ன, நம் கண்ணைப் போலவா? இப்படிப் பேசிப் பேசியே ஊரார் அவரை உச்சாணிக் கொம்பில் ஏற்றி வைத்திருந்தார்கள்.

ஒரு நாள் அரசர் வீரர்களோடு காட்டுவழியே போனார். ஓர் உயரமான மரத்தில் பொந்து ஒன்று. அதன் வாய் மண்ணால் பூசி அடைக்கப்பட்டிருந்தது. விரல் நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சம். அதன் வழியாக ஒரு பெண் இருவாச்சிப் பறவையின் அலகு தெரிந்தது. வெளியே ஆண் இருவாச்சி ஜம்பமாகச் சிறகை விரித்துப் பறந்து போனது.

"அடப் பாவி! கட்டினவளைச் சிறையில் போட்டுவிட்டு நீ ஊர் சுற்றுகிறாயா?"

கண்டார், கொதித்தார், தீர்ப்புச் சொன்னார். ஒரு வீரன் மரமேறிச் சுவரை உடைத்தான். பெண் பறவை பொத்தென்று கீழே விழுந்து புதருக்குள் ஓடியது. அதன் இறக்கையில் இறகுகள் உதிர்ந்திருந்ததை அரசர் கவனிக்கவில்லை. ஓர் அபலைக்கு விடுதலை கொடுத்த மகிழ்ச்சி அவருக்கு.

ஆற்றங்கரைக்கு வந்தார். அங்கே ஒரு பெரிய முதலை, மணலில் அப்போதுதான் முட்டையிலிருந்து வெளிவந்த தன் குஞ்சுகளை வாயில் அள்ளிக்கொண்டிருந்தது. பற்களுக்கு நடுவே குட்டி வால்கள் நெளிந்தன.

"பெற்ற பிள்ளையைத் தின்னும் பேயே!"

கண்டார், கொதித்தார், தீர்ப்புச் சொன்னார். ஈட்டிகள் பாய்ந்தன. செத்த முதலையின் வாயிலிருந்து குஞ்சுகள் ஒரு கீறலும் இல்லாமல் ஊர்ந்து வந்தன. நல்லவேளை, காப்பாற்றினோம் என்று அரசர் நினைத்துக்கொண்டார். மனிதன் பிறப்பதற்கு யுகங்கள் முன்பே பூமியில் வாழ்ந்த குலம் அது. தன் பிள்ளையை எப்படித் தண்ணீரில் சேர்ப்பது என்று அதற்குத் தெரியாதா?

மாலையில் அரண்மனைக்குத் திரும்பினார். உள்ளே நுழைந்ததும் அவருக்கு மூச்சே நின்றுவிட்டது. செவிலி வேம்பி, குழந்தை எயினியைக் கால் மேலே, தலை கீழே என்று தூக்கிப் பிடித்து, முதுகில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தாள். மறுகணம் குழந்தை வீறிட்டு அழுதது.

கண்டார், கொதித்தார், தீர்ப்புச் சொன்னார். "விடிந்ததும் இவளை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய்த் தலையை வாங்குங்கள்!"

வேம்பி வாயெடுத்தாள். காவலன் அவள் வாயைப் பொத்தினான். வழக்கம் வழக்கம்தானே.

மறுநாள் காலை அரசர் ஆற்றங்கரைக்குக் குதிரையில் புறப்பட்டார். போகும் வழியில் அந்த மரம். ஆண் இருவாச்சி உடைந்த பொந்தின் வாயில் உட்கார்ந்து, தொண்டைக்குள்ளிருந்து ஆலம்பழத்தை ஒவ்வொன்றாக வரவழைத்து, காலியான பொந்துக்குள் நீட்டி நீட்டிப் பார்த்தது. வாங்கிக்கொள்ள ஆளில்லை. அது கத்தியது. கீழே புதருக்குள்ளிருந்து பெண் பறவை பதில் குரல் கொடுத்தது. ஆண் பறவை தரையிறங்கி அதற்கு ஊட்டியது.

அரசருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இவ்வளவு பாசமுள்ளவன் ஏன் சிறை வைத்தான்? அவளை மேலே கொண்டுபோய் விடுங்கள், பார்ப்போம்" என்றார்.

வீரன் பறவையைப் பொந்தில் விட்டான். அது உள்ளே இருந்த முட்டையின் மேல் அமர்ந்தது. பிறகு, யாரும் கட்டாயப்படுத்தாமலே, தன் அலகால் எச்சத்தையும் மண்ணையும் எடுத்து, உள்ளிருந்தபடியே பொந்தின் வாயைப் பூசத் தொடங்கியது.

சிறைபட்டவள்தான் சுவரைக் கட்டியவள்! பாம்பும் பருந்தும் நுழையாமல் பிள்ளையைக் காக்கக் கட்டிய வீடு அது.

முதலையின் வாயும், வேம்பியின் கையும் அரசரின் கண்முன் வந்தன. "நிறுத்துங்கள்!" என்று கத்திக்கொண்டே குதிரையை விரட்டினார்.

ஆற்றங்கரையில் ஓங்கிய வாள் பாதியில் நின்றது. பக்கத்திலேயே செத்த முதலையைச் சுற்றி, அதன் குஞ்சுகள் தாயைக் கூப்பிட்டுக் கீச்சிட்டுக்கொண்டிருந்தன.

அரசர் மூச்சிரைக்க இறங்கினார். "வேம்பி, ஏனம்மா குழந்தையை அடித்தாய்?"

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு புளியங்கொட்டை.

"விளையாட்டா வாயில போட்டுக்கிச்சு அரசே. தொண்டையில சிக்கி, முகமெல்லாம் நீலம் பாரிச்சுப் போச்சு. தலைகீழாப் பிடிச்சுத் தட்டினேன், வந்து விழுந்துச்சு. அப்புறந்தான் புள்ள அழுதுச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நேத்தே கேட்டிருந்தா நேத்தே சொல்லியிருப்பேனே."

அரசர் அவள் காலடி மணலிலேயே உட்கார்ந்து அழுதார். வேம்பி பிழைத்துக்கொண்டாள். முதலையை யார் எழுப்புவது? குஞ்சுகளை அரசரே தம் இரு கைகளிலும் அள்ளி, தாய் கொண்டுபோக நினைத்த தண்ணீரில் விட்டார்.

அன்றே அந்தப் பழைய வழக்கம் ஒழிந்தது. அதன்பின் பெருஞ்சாத்தன் நீதி சொல்ல உட்காரும்போதெல்லாம் முதலில் கண்களை மூடிக்கொண்டு, "நீ சொல், கேட்கிறேன்" என்பாராம்.

கண்ணில் பட்டதும் தண்டிப்பவனைவிட, "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று ஒரு வார்த்தை கேட்பவனே நீதிமான்.