மக்காத தோலும் மூன்று சுரைப்பிஞ்சும்

ஒரு காட்டில் ஒரு சுரைக்கொடி செத்துக்கொண்டிருந்தது. அதை வளர்த்த குரங்கு பக்கத்தில் நின்று தரையை உதைத்துக் கத்தியது.

"என் கொடியின் வேரைக் கடித்தது யார்? வெளியே வா!"

நேற்று வரை தளதளவென்று இருந்த இலைகள் ஓரம் கருகித் தொங்கின. கொடியில் மூன்றே மூன்று பிஞ்சுகள். அந்த மூன்றை நம்பித்தான் குரங்கு தன் தங்கைக்கு வாக்குக் கொடுத்திருந்தது.

"உன் கல்யாணப் பந்தியில் சுரைக்காய்க் கூட்டு என் பொறுப்பு. மாப்பிள்ளை வீட்டார் இலையை வழித்து நக்கப் போகிறார்கள், பார்!"

கல்யாணத்துக்கு இன்னும் எட்டே நாள்.

குரங்கு கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் யார் எதைச் சொன்னாலும் அது பாதிதான் கேட்கும். மீதியை அதுவே நிரப்பிக்கொள்ளும். அடுக்களைக் கழிவு மண்ணுக்கு நல்ல உரம் என்று இரண்டு முயல்கள் பேசிக்கொண்டதை ஒருநாள் கேட்டது. அடுத்த வார்த்தை காதில் விழுவதற்குள் வீட்டுக்கு ஓடி வந்துவிட்டது. வாழைப்பழத் தோல், பலாச் சக்கை, ஊசிப்போன சோறு எல்லாவற்றையும் கூடை கூடையாகக் கொடியின் தூரிலேயே கொட்டியது. இடுப்பளவு குவியல்!

இப்போது குரங்கின் காலடியில் மண் பிளந்தது. ஒரு மண்புழு நெளிந்து வெளியே வந்தது. அதற்கு வேலை தெரியும். இனிக்கப் பேசத் தெரியாது.

"கத்தாதே அண்ணே. வேரை யாரும் கடிக்கவில்லை. நீதான் வேக வைக்கிறாய்."

"நானா?"

"குவியலுக்குள் கையை விட்டுப் பார்."

குரங்கு கையை விட்டது. "ஐயோ, சுடுகிறதே!" என்று உருவிக்கொண்டது.

"பச்சையாகக் குவித்தது அழுகும்போது சுடாமல் என்ன செய்யும்? எங்கள் ஆட்களில் பாதிப் பேர் ஊரைக் காலி செய்துவிட்டார்கள். மக்காததை எல்லாம் கொண்டுவந்து இப்படி..."

"மக்கா?" ஏற்கெனவே சிவந்த முகம் இன்னும் சிவந்தது. "யாரைப் பார்த்து மக்கு என்கிறாய்?"

"உன்னை இல்லை. தோலை."

"தோல் மக்கு என்றால், அந்தத் தோலை உரித்தவன் யார்? நான்தானே?"

"அடக் கடவுளே! மக்குவது என்றால் அழுகி மண்ணாவது. கேள். இதை இன்றைக்கே வாரி எடு. அதோ அந்தப் புங்க மரத்தடியில் குழி தோண்டிப் போடு. மேலே காய்ந்த சருகால் மூடு. தூருக்குத் தண்ணீர் ஊற்று. பிஞ்சு மூன்றும் தேறிவிடும். குழியில் கிடப்பது மூன்று மாதத்தில் கறுத்த மண்ணாகும். அதில் இரண்டு கை அள்ளிப் போட்டால் போதும், அடுத்த கொடி மரமேறும்."

மக்கு என்ற இடத்திலேயே குரங்கின் காது அடைத்துவிட்டது.

"கை இல்லை, கால் இல்லை, கண்ணும் இல்லை. நீ எனக்குச் சொல்ல வந்துவிட்டாயா? போ உள்ளே!"

புழு போய்விட்டது. அதற்கு வேறு வேலை இருந்தது.

வேலியோரம் ஒரு காட்டுப்பன்றி நின்றுகொண்டிருந்தது. வாடையைப் பிடித்துக்கொண்டே இரண்டு மலை தாண்டி வந்த பன்றி.

"என்ன மச்சான், காலையிலேயே சூடாக இருக்கிறாய்?"

"அந்தப் புழு என்னை மக்கு என்கிறது."

"உன்னையா?" பன்றி வாயைப் பிளந்தது. "இந்தக் காட்டிலேயே மூளை உள்ளவன் நீ ஒருவன்தான். கொடி ஏன் வாடுகிறது தெரியுமா? பசி! தோல் போதவில்லை. இன்னும் கொட்டு. வீட்டில் பாயசம் மிச்சம் இருக்கிறதா?"

"இருக்கிறது."

"பாயசத்தை மறக்காமல் கொட்டு."

குரங்குக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மிச்சப் பாயசத்தோடு இன்னும் நான்கு கூடையைக் கொட்டியது.

"நான் ஆற்றுக்கு அக்கரை போய் மாப்பிள்ளை வீட்டாரை அழைக்க வேண்டும். கொடியை யார் பார்த்துக்கொள்வது?"

"நான் எதற்கு இருக்கிறேன் மச்சான்? நீ கவலைப்படாமல் போய் வா."

சாயங்காலம் குரங்கு திரும்பி வந்தது. குவியல் இல்லை. பன்றியும் இல்லை. தோட்டம் ஏர் உழுத வயல்போலக் கிடந்தது. காவலுக்கு நின்றவர் தோலுக்காகக் கிளறும்போது வேரையும் சேர்த்துக் கிளறிவிட்டார். பிஞ்சு மூன்றும் அவருக்குத் தொடுகறி.

எட்டாம் நாள் கல்யாணம். தோட்டத்துப் பக்கத்திலேயே பந்தி. இலை போட்டார்கள். சோறு வந்தது. பொரியல் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா இலையில் காலியாக இருந்த இடத்தை விரலால் தட்டினார்.

"இங்கே என்ன வரும்?"

தங்கை அண்ணனைப் பார்த்தாள். குரங்கு புங்க மரத்தைப் பார்த்தது.

மரத்தடியில் முழங்கால் அளவு சருகு குவிந்து கிடந்தது. குழி தோண்டு, போடு, சருகால் மூடு என்று புழு சொல்லியிருந்தது. அரை நாள் வேலை. குரங்கு அதைச் செய்யவில்லை.

நீதி: சுடுகிற சொல்லானாலும் கடைசி வரை கேள், பாதி கேட்டவன் முழுதும் இழப்பான்.