துரோகி மேடு

ஆவுடையப்பன் கடப்பாரையை ஓங்கிக் குத்தினான். குவியலிலிருந்து நாலைந்து கல் உருண்டு பாதையில் விழுந்தது.

ஊர் அதைத் துரோகி மேடு என்று சொல்லும். ராணி உலகநாச்சியின் கோட்டைக் கதவைப் பகைவனுக்குத் திறந்துவிட்ட தளவாய் திருமலைக்கொழுந்து அதன் அடியில் கிடக்கிறான் என்று பேச்சு. அந்த வழியே போகிறவர்கள் ஒரு கல்லாவது எறிந்து, காறித் துப்பிவிட்டுத்தான் போவார்கள். ஆவுடையப்பன் அந்தத் தளவாயின் மகள் வயிற்றுப் பேரன்.

அவனுடைய குரு ஈசானச் சாமி தடியூன்றி வந்து சேர்ந்தார். வந்தவர் சும்மா நிற்கவில்லை. உருண்ட கல்லில் ஒன்றைக் குனிந்து எடுத்து மேட்டின் மேலேயே எறிந்தார்.

"சாமி! நீங்களுமா?" அவனுக்குக் கண் சிவந்துவிட்டது. "காலையில என் மகளைப் பொண்ணு பார்க்க வந்தவங்க, இந்த மேட்டைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பிட்டாங்க. 'துரோகி வீட்டுச் சோறு செரிக்காது'ன்னு சொல்லிட்டுப் போறான் ஒருத்தன். தலை நரைக்கிற வரைக்கும் உங்க காலடியில கிடந்தேனே, நீங்களும் கல்லெறியறீங்களா?"

"எறிவேன்."

"அவர் பெத்த மகளே எறிஞ்சா. எங்க அம்மா சாகிற வரைக்கும் இந்தப் பக்கம் போனா, அழுதுக்கிட்டே ஒரு கல் எறிவா. போதும் சாமி! எலும்பைத் தோண்டி ஆத்துல விட்டுடறேன். மேடும் வேண்டாம், அவன் பேரும் வேண்டாம்."

"தோண்டு. பொம்பளை எலும்பு. பார்த்துத் தோண்டு."

கடப்பாரை அந்தரத்தில் நின்றது.

"காயம்பட்டுக் கிடந்த ராணி சொன்னா: 'என் தலையை அந்தப் பகைவன் கோட்டை வாசல்ல தொங்கவிடக் கூடாது, கொழுந்து. கதவைத் திற. அந்த அமளியில என்னைத் தூக்கிட்டுப் போ.' உன் தாத்தன் திறந்தார். இங்க வரும்போது ராணிக்கு மூச்சு நின்னுபோச்சு. கூடவே வந்த நான்தான் குழி வெட்டினேன், இந்தக் கையால. மூடினதும், உன் தாத்தன் கம்பளியால மூஞ்சியை மறைச்சுக்கிட்டு, 'துரோகி கொழுந்து இங்க செத்துக் கிடக்கான்'னு போறவன் வர்றவனையெல்லாம் கூவிக் கூப்பிட்டார். முதல் கல் அவர் எறிஞ்சது. அப்புறம் பெத்த மககிட்டகூட ஒரு வார்த்தை சொல்லாம மலையேறிப் போனவர் திரும்பல."

"அடப்பாவி மனுசா! இத்தனை வருசம் வாயில என்ன கொழுக்கட்டையா?"

"அந்தப் பகைவன் பேரன்தான்டா இன்னைக்கு ராசா. ராணி தலையை இன்னும் தேடிக்கிட்டிருக்கான்."

குளம்புச் சத்தம் கேட்டது. அரண்மனைக் குதிரைக்காரன் ஒருத்தன் வந்து கடிவாளத்தை இழுத்தான்.

"எவன்டா மேட்டைக் கலைச்சது? உள்ளே என்ன இருக்கு?"

சாமி ஆவுடையப்பனைப் பார்த்தார்.

ஆவுடையப்பன் கடப்பாரையைப் போட்டான். கிடந்ததில் பெரிய கல்லாகப் பார்த்து, இரண்டு கையாலும் தூக்கினான்.

"எங்க தாத்தன் கிடக்கான் ஐயா. துரோகி நாய்!" எறிந்தான். "சின்னக் கல்லா எறிஞ்சு ஆத்திரம் அடங்கல. பாறையைப் பேர்த்து எறியலாம்னு கடப்பாரையோட வந்தேன்."

குதிரைக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். "பாட்டனுக்கே கல்லா! நல்ல வம்சம்டா!" அவனும் ஒரு தரம் துப்பிவிட்டுக் குதிரையைத் தட்டினான்.

தூசி அடங்குமட்டும் ஆவுடையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். பிறகு உருண்ட கற்களையெல்லாம் பொறுக்கி மேட்டில் ஏற்றினான்.

"வீட்டுல மக அழுதுக்கிட்டிருப்பா. அவகிட்ட நான் என்னன்னு சொல்ல, சாமி?"

"உன் தாத்தன் தன் மககிட்ட என்ன சொல்லிட்டுப் போனாரோ, அதைச் சொல்லு."