தன்விகா ஏறிய ஸீட்

கோயம்புத்தூரில் திருமூர்த்தி என்று ஒரு மில் முதலாளி. அவர் கண்ணைக் காட்டினால் ஐந்நூறு பேர் எழுந்து நிற்பார்கள். இரண்டரை வயதுப் பேத்தி தன்விகா மட்டும், உட்காரச் சொன்னால் உட்கார மாட்டாள்.

அன்று ஒரு பள்ளிக்கூடத்தில் அவர் சாலைப் பாதுகாப்பு பற்றிப் பேச வேண்டும். பேத்தி, காரின் பின்னால் மாட்டிய குழந்தை ஸீட்டில் ஜம்மென்று வந்து இறங்குவதை எல்லாரும் பார்க்க வேண்டும். பேத்தியோ அதில் உட்கார வைத்தாலே வில்லாக வளைந்து அலறினாள்.

"அழாம உக்காந்தா இது" என்று சாக்லேட் நீட்டினார். வாங்கிக்கொண்டு மறுபடியும் வளைந்தாள்.

கோபம் டிரைவர் வேலாத்தாள் மேல் திரும்பியது. அவளுக்கு அன்றுதான் முதல் நாள்.

"அஞ்சு நிமிஷத்துல பாப்பாவை உக்கார வை. இல்லைன்னா நாளைக்கு வராதே."

"சரிங்கய்யா. நீங்க முன்னாடி ஏறிக்கங்க."

அவர் ஏறியதும் வேலாத்தாள் குழந்தையிடம் குனிந்தாள்.

"கண்ணு, யாராச்சும் பெல்ட் போடலைன்னா வண்டி எடுக்கக் கூடாது. அந்த ஸீட்ல உக்காந்தாத்தான் எல்லாரும் தெரிவாங்க. பாத்துச் சொல்றியா?"

தன்விகா யோசித்தாள். தானே ஏறினாள். வேலாத்தாள் பூட்டி முடிக்கும்வரை அசையவில்லை.

வேலாத்தாளும் தன் பெல்ட்டைப் போட்டு வண்டியைக் கிளப்பினாள். "எடுக்கலாமா பாப்பா?"

தன்விகா கழுத்தை நீட்டிப் பார்த்தாள். "தாத்தா போடலை!"

"போட்டாச்சு கண்ணு. போடலைன்னா வண்டி கத்துமே?" என்றார் திருமூர்த்தி.

வேலாத்தாள் அவர் பக்கம் கையை நீட்டினாள். பெல்ட் போடாமலே சத்தம் வராமலிருக்க அவர் பெல்ட் பூட்டில் செருகி வைத்திருந்த வெறும் கிளிப்பைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தாள். வண்டி கீ கீ என்று கத்தியது.

பின்னாலிருந்து ஒரு குட்டிக் கை நீண்டது. அதில் பாதி உருகிய சாக்லேட்.

"தாத்தா, அழாம போட்டா இது."