பந்து இல்லாத இடம்

இருட்டிய பிறகு மைதானத்துக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது.

தடதடவென்று ஓடும் கால்கள். சட்டென்று புல்லில் சறுக்கி நிற்கும் ஓசை. ஒரு பெருமூச்சு. பிறகு மெல்லத் திரும்பும் நடை.

மறுபடியும் தடதட.

கல்லியோபி வேலியோரம் நின்று கேட்டாள்.  கால்பந்து மைதானத்தில் கேட்டாக வேண்டிய ஒன்று அதில் இல்லவே இல்லை. பந்தை உதைக்கும் சத்தம்.

பேயோ என்னவோ. பிள்ளை பெற்றதிலிருந்து எதைக் கேட்டாலும் அவளுக்குப் பயம்தான்.

கிரேக்க நாட்டில் கவாலா என்ற துறைமுக ஊர். அந்த ஊர்ப் பெண்கள் அணிக்குக் கோல் போடுகிறவள் அவள். குழந்தை பிறந்து திரும்பி வந்த பிறகு ஒரு கோல்கூட விழவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம். தோற்றால் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும்.

அந்த ஆட்டத்துக்கு மட்டுமல்ல, இனி எந்த ஆட்டத்துக்கும் வரப்போவதில்லை என்று சொல்லத்தான் வந்திருந்தாள்.

பயத்தோடுதான் உள்ளே போனாள்.

ஓடிக்கொண்டிருந்தவள் கேப்டன்.

தியோனி. கணவாய் மீன் பிடிப்பவரின் மகள். பிறந்த தீவில் பெண்களுக்கு அணி கிடையாது என்பதால் தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு பையன்களோடு ஆடியவள். பிறகு ஜெர்மனி, பிறகு இத்தாலி. முழங்காலை இரண்டு தரம் அறுத்துத் தைத்தார்கள். நாற்பதை நெருங்கும்போது தன் கடல் பக்கமே திரும்பி வந்துவிட்டாள். அவள் போட்ட கோல்களை எண்ணிப் பத்திரிகைக்காரர்கள் அலுத்துப்போனார்கள்.

"கேப்டன்!"

"யாரது, கல்லியோபியா? பிள்ளைய யார்கிட்ட விட்டுட்டு வந்தே?"

"அவங்க அப்பாகிட்ட."

"யாரு அழுறது இப்போ, பிள்ளையா, அப்பாவா?"

கல்லியோபிக்குச் சிரிப்பு வரவில்லை.

"நான் இனிமே ஆடலை, கேப்டன்."

"ஏனாம்?"

"எனக்குப் பந்தே வர்றதில்லை. ஓடி ஓடிப் போய் நிக்கிறேன், ஒருத்தியும் தர மாட்டேங்குறா. இவதான் அம்மாவாயிட்டாளே, இனிமே எங்க ஓடப்போறான்னு நினைப்பு."

"ஓடுறியா?"

"முதல்ல ஓடினேன். இப்போ இல்லை. வராத பந்துக்கு எவ ஓடுவா?"

தியோனி திரும்பி நடந்துபோய்த் தன் இடத்தில் நின்றாள். ஓடினாள். கோல் கம்பத்துக்கு முன்னால் பாய்ந்து, வெறும் காற்றில் காலை நீட்டினாள்.

ஒன்றும் வரவில்லை. திரும்பி நடந்தாள்.

"பந்து எங்கே, கேப்டன்?"

"இல்லை."

"பந்தில்லாம என்ன பயிற்சி இது?"

"பந்து இருந்தா எனக்கு நல்லாவே ஆடத் தெரியும்."

கல்லியோபிக்கு அந்தப் பழைய கோல் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது டி.வி.யில் பார்த்தது. யாரோ உதைத்த பந்து யாரோ ஒருத்தியின் முதுகில் பட்டு, யாருமே எதிர்பாராத இடத்துக்குத் தெறித்தது. அங்கே தியோனி நின்றிருந்தாள். அதிர்ஷ்டக்காரி என்று ஊரே சொன்னது.

"அந்த முதுகுல பட்டு வந்த கோல், அன்னிக்குப் பந்து அங்கதான் வரும்னு எப்படித் தெரிஞ்சுது?"

"தெரியாது."

"அப்போ எப்படி அங்க நின்னீங்க?"

"அன்னிக்கு ஆட்டம் முழுக்க அங்கதான் போய்ப் போய் நின்னேன்."

"நாங்க யாரும் பார்க்கலையே!"

"பந்து இல்லாத இடத்தை டி.வி. எதுக்கடி காட்டப்போகுது?"

மேகம் விலகி நிலா வந்தது. கல்லியோபி தரையைப் பார்த்தாள்.

தியோனி நின்ற இடத்திலிருந்து கோல் கம்பம் வரை புல்லே இல்லை. ஒரு ஆள் நடக்கும் அகலத்துக்கு வழுவழுவென்று ஒரு தடம். முழங்காலிட்டே வருகிறவர்கள் காலங்காலமாகத் தேய்த்த கோவில் படிபோல.

அந்தத் தடத்தைக் கல்லியோபி ஆயிரம் தடவை மிதித்திருக்கிறாள். தண்ணீர் ஊற்றாமல் புல் காய்ந்துவிட்டது என்று மைதானக்காரரைத் திட்டியும் இருக்கிறாள்.

குனிந்து தொட்டாள். 

தியோனி வியர்வையைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தாள்.

"சரி வா, போகலாம். பருப்பு சூப் ஆறிப்போயிடும். ஞாயித்துக்கிழமைக்கு வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

அவள் நொண்டி நொண்டி வெளியே போனாள். சாலையில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"என்ன, வர்றியா இல்லையா? இந்த இருட்டுல தனியா என்னடி வேலை உனக்கு?"

கல்லியோபி வாசல்வரை வந்தாள்.

இரும்புக் கதவை இழுத்துச் சாத்தி, உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டாள்.