‘கொடுக்கலாம்’ என்றொரு ஃபீல்டு

மெஹருன்னிசாவிடம் புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ள வந்தபோது ஞானதுரைக்கு நாற்பத்தாறு வயது. அவளுக்கு அதில் பாதிக்குச் சற்று மேல். அவர் அவளை மேடம் என்பார். அவள் அவரை சார் என்பாள்.

ரத்தம் கொடுப்பவர்களைத் தேடித் தரும் இணையதளம்தான் அவருடைய முதல் வேலை. ஒருமுறை கொடுத்தவர் மூன்று மாதம் கழித்தே மறுபடி கொடுக்கலாம். அதற்காக ஒவ்வொரு பெயரோடும் ‘கொடுக்கலாம்’ என்றொரு ஃபீல்டு, அதாவது தகவல் கட்டம், வைத்து, அதில் ஆம் அல்லது இல்லை என்று சேமித்தார். தினமும் விடியும்போது ஒரு புரோகிராம் ஓடி அதைத் திருத்தும்.

அன்று அது ஓடவில்லை. அவருக்கு அது தெரியாது.

காலையில் ஒரு மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு உடனே ஓ நெகட்டிவ் வேண்டும்.

“யாருமே இல்லை மேடம். எல்லாருக்கும் ‘இல்லை’ன்னுதான் காட்டுது.”

மெஹருன்னிசா திரையை எட்டிப் பார்த்தாள். “இந்த அமல்ராஜுக்கு நேத்தோட மூணு மாசம் முடிஞ்சிருச்சே?”

கடைசியாகக் கொடுத்த தேதி பக்கத்து ஃபீல்டிலேயே இருந்தது. ஞானதுரை அமல்ராஜை அழைத்தார். அமல்ராஜ் உடனே மருத்துவமனைக்குக் கிளம்பினார்.

“விடியக்காலையில புரோகிராம் ஓடலை மேடம். இனி மணிக்கொரு தடவை ஓட விட்டுத் திருத்திடுறேன். போதுமா?”

“பசிக்குதா சார்?”

“காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலை.”

ஒரு துண்டுத் தாளில் ‘பசிக்கிறது’ என்று எழுதி அவர் சட்டைப்பையில் ஒட்டினாள். தன் டிபன் பாக்ஸை நகர்த்தினாள். ஆறு இட்லியும் காலியாயின.

“இன்னும் ஆறு வாங்கி வரச் சொல்லவா?”

“ஐயோ, இப்பதானே சாப்பிட்டேன்!”

“சட்டையில பசிக்குதுன்னு இருக்கே.”

“அது அப்போ எழுதினது மேடம்.”

“சரி, மணிக்கொரு தடவை வந்து மாத்தி ஒட்டட்டா?”

அவர் சிரித்தார். பாதியில் சிரிப்பு நின்றது.

தாளைப் பிய்த்துப் போட்டார். அந்த ஃபீல்டையும் அழித்தார். அது இருந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கை எழுதினார். யாராவது கேட்டால், அந்த நிமிடமே தேதியைப் பார்த்துப் பதில் சொல்லும் கணக்கு.

மதியம் அமல்ராஜ் கூப்பிட்டார். “கொடுத்தாச்சு சார். அம்மாவும் பிள்ளையும் நல்லா இருக்காங்களாம்.”

ஞானதுரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு திரையில் எதையோ தேடினார்.

“மேடம், இவர் இப்போதைக்குக் கொடுக்கக் கூடாதுன்னு எங்கே குறிக்கிறது?”

“எப்போ கொடுத்தார்?”

“இன்னைக்கு.”

“அதை மட்டும் குறிங்க சார்.”