தைலம்மையின் கிடாரி யாருக்கு?

பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசலில் தைலம்மைக்கு இரண்டு ஏக்கர் காடு இருந்தது. மூன்று வருடம் மக்காச்சோளம் போட்டாள். எருவிட வழியில்லை, களையெடுக்கவும் ஆள் இல்லை. தட்டை இடுப்புக்கு மேல் எழவில்லை, ஒரு கதிர்கூடப் பிடிக்கவில்லை.

நான்காம் வருடம் மாரியம்மன் கோயிலில் ஊரார் முன்னால் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்: "எங்காட்டுல எனக்குக் கதிரைக் கண்ணுல காட்டுறவங்க யாரோ, அவங்களுக்கு என் கிடாரிக் கன்னு."

அவளிடம் இருந்ததே அந்த ஒரு கன்றுதான். ஆனால் சாமி முன்னால் கொடுத்த வாக்கு.

முதலில் ஆட்டுக்காரர் பரமன் வந்தார். புழுக்கை மண்ணுக்கு எருவாகும் என்று, இருநூறு ஆடுகளை இராத்தங்க மேற்கு மூலையில் கிடை மடக்கினார். தினமும் இடம் மாற்றிக்கொண்டே வந்தார். கிழக்கு மூலை மட்டும் பாக்கி இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கரிசல் சேற்றில் ஆடு நிற்காது; ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஈரத்தில் தைலம்மை விதைத்தாள். பயிர் முளைத்துப் பதினைந்து நாளானதும் பக்கத்துக் காட்டுப் பொன்னருவி களைக்கொத்தோடு இறங்கினாள். கிழக்கிலிருந்து வரிசை வரிசையாகக் கொத்தி வந்தவளை, மேற்கு மூலையை எட்டுமுன் காய்ச்சல் பாயில் போட்டது. தேறி வந்து, கொத்திய இடத்தையெல்லாம் இன்னொரு முறை கொத்தினாள். மேற்கு மூலையில் அதற்குள் களை வேர்விட்டு இறுகிப்போயிருந்தது.

எழுபதாம் நாள் காட்டுக்குள் நுழைந்த தைலம்மை அப்படியே நின்றுவிட்டாள். தட்டைகள் அவள் தலைக்கு மேலே போயிருந்தன. நாலாபுறமும் பச்சை, வந்த வழி தெரியவில்லை. தட்டைக்குத் தட்டை சாண் நீளக் கதிர், நுனியில் செம்பட்டை முடி. ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். "தாயே, இது எங்காடுதானா?" என்று வாய்விட்டுக் கேட்டாள்.

சேதி பரவியதும் இருவருமே வந்தார்கள்.

"மண்ணுக்குச் சோறு போட்டது நான்தானே, அக்கா?" என்றார் பரமன்.

"அந்தச் சோத்தைக் களை தின்னாம காத்தது யாராம்?" என்றாள் பொன்னருவி.

தைலம்மை இருவரையும் அழைத்துக்கொண்டு காட்டைச் சுற்றினாள். எரு விழாத கிழக்கு மூலையில் பயிர் வெளிறி, விரல் நீளக் கதிர்களோடு நின்றது. களையெடுக்காத மேற்கு மூலையில் கோரையும் முள்ளுக்கீரையும் நெஞ்சு உயரம் மண்டிக் கிடந்தன. நடுவே நூலாக நின்ற சோளத்தில் கதிரே இல்லை.

கேட்டவர்களே, கன்றை வெட்டிப் பங்கு வைக்க முடியாது. வாக்கையும் மாற்ற முடியாது. கன்று யாருக்குச் சேர வேண்டும்?

விடை: பொன்னருவிக்கு. காடு கொழித்தது இருவராலும்தான். ஆனால் தைலம்மை வாக்குக் கொடுத்தது கதிரைக் காட்டியவருக்கு. எரு இல்லாத இடத்திலும் பொன்னருவியின் கை சின்னக் கதிரையாவது காட்டியது. அவள் கை படாத இடத்தில் எரு முழுவதும் களைக்கே போயிற்று. பரமன் மேற்கு மூலையில் கோரையை விலக்கி ஒரு கதிராவது உண்டா என்று தேடிப் பார்த்தார். பிறகு கன்றின் கயிற்றைத் தானே அவிழ்த்துப் பொன்னருவி கையில் கொடுத்தார். "அடுத்த வருசம் கிழக்குலேருந்து கிடை போடுறேன், தாயி. நீ மேற்குலேருந்து கொத்திக்கிட்டு வா."